மாமா வாங்கிய கரண்ட் பெட்டி

புன்னைக்காயல் கடல்தொழில் மக்களுக்கு,



நான் உங்கள் ஊரில் பெண் எடுத்தவன். பிசியோதெரபி படித்துவிட்டு இருபத்திரண்டு வருடமாக அதே வேலையில் இருக்கிறவன். ‘டாக்டர் மாப்பிள்ளை’ என்று கூப்பிடுகிறீர்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். பெண் எடுத்த ஊருக்கு மருமகன் புத்தி சொல்வது அழகில்லை என்றும் தெரியும். ஆனாலும் இந்தமுறை வாயை மூடிக்கொண்டு பஸ் ஏற முடியவில்லை. கிறிஸ்மஸுக்கு வந்தபோது சும்மா பார்க்கப் போன வீடுகளில் ஆறு வீட்டில் வலிக்குக் கரண்ட் வைக்கிற பெட்டி இருந்தது. டிவிக்குப் பக்கத்தில், மாதா படத்துக்குக் கீழே, ஒரு வீட்டில் அரிசிப் பானையின் மூடி மேல். ஏழாவது பெட்டி என் மாமனாரின் துணி அலமாரிக்குள் இருந்தது. என் கண்ணில் படக் கூடாதென்று வேட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்.

அவர் வாங்கிய கதை உங்களில் பலருடைய கதைதான். டவுனில் ஒரு மண்டபம் பிடித்து, பதினைந்து நாள் இலவசமாகக் கரண்ட் வைத்தார்கள். முதல் நாளே குறுக்கு லேசானது. தினமும் பஸ் பிடித்துப் போனார். விற்கிற பிள்ளைகள் ‘அப்பா, அப்பா’ என்று உருகினார்கள், காபி கொடுத்தார்கள். பதினைந்தாம் நாள்தான் விலையைச் சொன்னார்கள். அதற்குள் பழகிவிட்டதால் வேண்டாமென்று சொல்லக் கூச்சமாகிவிட்டது. அத்தையின் சங்கிலி அடகுக்குப் போனது. பெட்டி வந்த இரண்டாவது வாரம், விடியுமுன் அரை மணி நேரம் கரண்ட் வைத்துக்கொண்டு, வலி தெரியாத தைரியத்தில் தொழிலுக்குப் போனார். வலை இழுக்கும்போது குறுக்கில் பிடித்துக்கொண்டது. அணியத்தில் குப்புறக் கிடந்தவரை, படகு ஆற்றுக்குள் வந்ததும் நாலு பேர் தூக்கி இறக்கினீர்கள். அந்த நாலு பேரும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

கரண்ட் பெட்டி வெறும் ஏமாற்று என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அப்படி இருந்திருந்தால் என் வேலை சுலபம். அது கொஞ்சம் வேலை செய்கிறது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது என்பதை உங்கள் கழிமுகத்தை வைத்தே சொல்லிவிடலாம். மண்திட்டு விழுந்து வாய் குறுகிப்போன நாளில், வெளியே பத்துப் படகு உள்ளே வர நிற்கிறது என்று வையுங்கள். முந்திக்கொண்டு நுழைவது பெரிய படகுகள்தான். சின்னது காத்துக் கிடக்கும். உடம்பிலும் தொடுவது, தடவுவது, அதிர்வது ஆகிய சேதிகளைத் தடித்த நரம்பிழைகள் வேகமாகக் கொண்டுபோகின்றன. வலியைக் கொண்டுபோகிறவை மெல்லிய இழைகள். இரண்டும் தண்டுவடத்தில் ஒரே வாயில் நுழைந்துதான் மூளைக்குப் போக வேண்டும். தடித்த இழைகளில் கூட்டம் சேர்ந்தால் வலிக்கு வழி கிடைக்காது. கதவு நிலையில் முழங்கையை இடித்துக்கொண்டால் கை தன்னால் போய்த் தேய்க்கிறதே, அது இதனால்தான். 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள். இரண்டு வருடம் கழித்து வால், வில்லியம் ஸ்வீட் என்ற மருத்துவரோடு சேர்ந்து, தங்கள் உடம்பிலேயே மின்சாரம் செலுத்தி வலி அடங்குவதைச் சோதித்துப் பார்த்தார். உங்கள் பெட்டி அந்த வழியில் பிறந்ததுதான். தோலில் ஒட்டுகிற பட்டை, ஒரு நொடிக்கு நூறு தடவை அளவில் துடிக்கும் சின்ன மின்சாரம், மெல்லிய குறுகுறுப்பு. எங்கள் தொழிலில் இதை ‘டென்ஸ்’ என்போம்.

கரண்டால் மரத்துப்போவதைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. எப்போதாவது வலையில் ஒரு திருக்கை சிக்கும். உருண்டையாக, சதைப்பிடிப்பாக இருக்கும். தெரியாமல் தொட்டால் கை ஜிவ்வென்று இழுத்து மரத்துவிடும். மன்னார் வளைகுடாவில் அந்த வகை உண்டு. அதன் உறவுமீன் ரோமாபுரிப் பக்கத்துக் கடலிலும் உண்டு. முதலாம் நூற்றாண்டில், கிளாடியஸ் மன்னன் காலத்தில் இருந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், கால் வாதத்துக்கு அந்த மீனை உயிரோடு பாதத்தின் அடியில் வைத்து, அலை தொடும் ஈரக்கரையில், முழங்கால் வரை மரக்கிற மட்டும் நிற்கச் சொல்லி எழுதி வைத்தார். இந்தக் கரையில் எடுத்த முத்து ரோமாபுரிக்குக் கப்பல் ஏறிய காலம் அது. முத்துக்கு அவர்கள் கொட்டிக் கொடுத்தார்கள். வலியை மரக்க வைக்கும் மீனை நீங்கள் இன்றைக்கும் சும்மா கடலில் தூக்கிப் போடுகிறீர்கள். போடுங்கள், அதை யாரும் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டாம்.

மரத்துப்போவது வேறு, ஆறுவது வேறு. இதுதான் நான் சொல்ல வந்தது.

1990இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ என்ற மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். நாள்பட்ட குறுக்குவலிக்காரர்கள் 145 பேர். ஒரு பாதிப் பேருக்கு நிஜப் பெட்டி. மற்றவர்களுக்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் கரண்ட் வராத பொய்ப் பெட்டி. யாரிடம் எது இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், நிஜப் பெட்டிக்காரர்களுக்கு வலி அளவுகள் 47 சதவீதம் தேவலை. பொய்ப் பெட்டிக்காரர்களுக்கு 42 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது வித்தியாசமே இல்லை. மண்டபத்தில் பதினைந்து நாளில் குறைந்த வலியில் எவ்வளவு கரண்டால் குறைந்தது, எவ்வளவு நாள் போகப் போகத் தானே குறைந்தது, எவ்வளவு அந்தப் பிள்ளைகளின் ‘அப்பா’வில் குறைந்தது என்று இனிமேல் நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

அதே சோதனையில் இன்னொன்றும் இருந்தது. பாதிப் பேருக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு மாத முடிவில் அவர்களுக்குத்தான் வலி குறைந்திருந்தது, நடமாட்டமும் கூடியிருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலோர் பயிற்சியை விட்டிருந்தார்கள். கிடைத்த பலனும் போயிருந்தது. என் தொழிலுக்குச் சாதகமான பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை, அதனால் மறு பாதியையும் சொல்கிறேன்.

அதற்குப் பின் எத்தனையோ ஆராய்ச்சி. 2022இல் 381 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய தொகுப்பு, டென்ஸ் வைத்திருக்கும் நேரத்திலும் எடுத்த உடனேயும் வலி குறைகிறது என்று சொன்னது. அதை நான் மறைக்க மாட்டேன். கவனியுங்கள்: வைத்திருக்கும் நேரத்தில், எடுத்த உடனே. நாள்பட்ட குறுக்குவலியைப் பொறுத்தவரை தீர்ப்பு வேறு. அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடு 2012இல் இதற்குப் பணம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டி 2016இல், குறுக்குவலிக்கு டென்ஸ் கொடுக்காதே, ஆஸ்பத்திரிகளில் நாலு பட்டை ஒட்டி வைக்கிற ஐஎஃப்டியும் கொடுக்காதே என்றது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமும், நாள்பட்ட குறுக்குவலிக்கு வழக்கமாகத் தர வேண்டாதவை என்ற பட்டியலில் டென்ஸைச் சேர்த்தது. நீங்கள் இறுக்கிக் கட்டிக்கொண்டு படகேறுகிற இடுப்பு பெல்ட்டும் அதே பட்டியலில் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். படித்து முடித்து நான் முதலில் சேர்ந்த இடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குறுக்குவலி என்று யார் வந்தாலும் பத்து நாள் கரண்ட். ஒரு நாளைக்கு முப்பது பேர். வரிசையாகக் கட்டில், ஆளுக்குப் பதினைந்து நிமிஷம், மணி அடித்ததும் பட்டையைக் கழற்றி அடுத்த ஆளுக்கு ஒட்டுவேன். அந்த முப்பது பேரில் மீன்பெட்டி தூக்குகிறவர்கள், உப்பளத்தில் வேலை பார்க்கிற பெண்கள், லாரி டிரைவர்கள் எல்லோரும் இருந்தார்கள். வீட்டில் என்ன செய்ய வேண்டும், எப்படிக் குனிந்து தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க எனக்கு நேரமும் இல்லை, அதற்குக் காசும் இல்லை. கரண்ட்டுக்குக் காசு உண்டு. டேயோவின் சோதனையைக் கல்லூரியிலேயே படித்திருந்தேன். படித்ததை ஒரு பக்கம் வைத்துவிட்டு மூன்று வருடம் பட்டை ஒட்டினேன். ‘கரண்ட் வைத்தால்தான் வைத்தியம்’ என்று இன்றைக்கு நீங்கள் நினைக்கிறீர்களே, அந்த நினைப்பை உண்டாக்கியதில் என் பங்கும் இருக்கிறது. மண்டபத்துக்காரர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

இன்னொரு பயத்தையும் நாங்கள்தான் கிளப்பிவிட்டோம். ஸ்கேன் எடுத்து ‘டிஸ்க் பிதுங்கியிருக்கு’ என்று சொல்லிவிடுகிறோம். அதைக் கேட்ட நாளிலிருந்து மனுஷன் கட்டிலைவிட்டு இறங்குவதில்லை. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்து 2015இல் ஒரு கணக்கு வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு முப்பது பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ஐம்பது வயதில் அறுபது பேருக்கு. வலி இல்லாதவர்களுக்கு, ஞாபகம் வையுங்கள். தலை நரைப்பது மாதிரி அதுவும் பெரும்பாலும் வயசின் அடையாளம். ஸ்கேன் தாளை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு எழுந்து நடக்கலாம்.

உங்கள் குறுக்கு ஏன் வலிக்கிறது என்று எந்த ஸ்கேனையும்விட உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஃபைபர் படகு அலைமேல் தூக்கிப் போடும்போது அணியத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பவனின் முதுகுதான் முதல் அடி வாங்குகிறது. ஐஸோடு நிறைந்த மீன்பெட்டியை ஆள் குறைந்த நாளில் ஒருத்தனே தூக்குகிறான். வலை இழுக்கும்போது இடுப்பைத் திருப்பிக்கொண்டே இழுக்கிறீர்கள். அக்காமார் கதை தனி: தலையில் மீன், இடுப்பில் பிள்ளை, வீட்டுக்கு வந்தால் தண்ணீர்க் குடம். அக்காமாரில் யாரும் ‘எனக்குக் குறுக்கு வலிக்கிறது’ என்று உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கரண்ட் பெட்டிகூட ஆம்பிளைகள் பேருக்குத்தான் வாங்கப்பட்டிருக்கிறது. ஆறு வீட்டிலும் கேட்டுப் பார்த்தேன்.

ஆகவே முதல் வேண்டுகோள்: அடுத்த முறை மண்டபம் பிடித்து வருகிறவர்களிடம் பெட்டி வாங்காதீர்கள். நகையை அடகு வைத்து வாங்கவே வாங்காதீர்கள். அதே வேலையைச் செய்கிற கையடக்கப் பெட்டி மருத்துவச் சாமான் கடையில் இரண்டு மூன்றாயிரத்துக்குக் கிடைக்கிறது. அதையும் வாங்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். ஏற்கெனவே வாங்கியவர்கள் தூக்கிப் போட வேண்டாம். ராத்திரி வலி தாங்காமல் தூக்கம் வராத நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். எழுந்து நடக்கவும் பயிற்சி செய்யவும் அது துணையாக இருந்தால் நல்லது. தொழிலுக்குப் போகுமுன் வைக்காதீர்கள். வலி, குறுக்கு உங்களுக்கு விடுகிற தகவல். தகவலை அடைத்துவிட்டுக் கடலுக்குப் போனவர் எப்படித் திரும்பி வந்தார் என்று பார்த்தீர்கள்.

சில பேர் தொடவே கூடாது. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கூடாது. வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்கள் வயிற்றிலும் இடுப்பிலும் வைக்கக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள் கேட்காமல் வைக்கக் கூடாது. கழுத்தின் முன்பக்கம் யாருக்குமே கூடாது. சர்க்கரையால் தோல் உணர்ச்சி மழுங்கியவர்களுக்குச் சுட்டாலும் தெரியாது. ஈர உடம்போடு, படகில், இஞ்சின் பக்கத்தில் விளையாட்டுக்கும் வேண்டாம்.

சில வலிகளுக்குப் பெட்டியும் வேண்டாம், நானும் வேண்டாம். ஒன்றுக்குப் போவது திடீரென்று நின்றாலோ, தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் தொங்கிப்போனாலோ, அன்றைக்கே தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை, திருவிழா என்று பார்க்க வேண்டாம். காய்ச்சலோடு முதுகுவலி, உடம்பு இளைத்துக்கொண்டே முதுகுவலி என்றால் அது எலும்பில் காசநோயாக இருக்கலாம். மருந்து உண்டு, சும்மா விட்டால் முதுகெலும்பு நொறுங்கும். இப்படிப்பட்டவர்கள் பெட்டியை வைத்துக்கொண்டு வலியைத் தள்ளிப் போடுவதுதான் என்னை ராத்திரி தூங்கவிடாத விஷயம்.

மாமா கதைக்கு வருகிறேன். தூக்கி இறக்கிய பிறகு மூன்று நாள் மட்டும் படுக்கவைத்தோம், அதுவும் முழுநேரம் இல்லை. நாலாம் நாள் கோவில் வரை நடந்தார், திட்டிக்கொண்டே. இரண்டாவது வாரம் ஆற்றங்கரை வரை. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, நாலு காலில் நின்று எதிர்க் கையையும் காலையும் நீட்டுவது போன்ற மூன்று பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு அவர்களும் சேர்ந்து செய்தார்கள். இரண்டரை மாதத்தில் தொழிலுக்குத் திரும்பினார். வலி முழுக்கப் போகவில்லை. கொண்டல் காற்றுக் காலத்தில் பிடிக்கிறது என்கிறார். ஆனால் மீன்பெட்டியை இன்னொருவரோடு சேர்ந்து தூக்குகிறார், அலை தூக்கும்போது முழங்காலை மடக்கி எழுந்து நின்றுகொள்கிறார். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.

இரண்டாவது வேண்டுகோள் ஊர்க்கமிட்டிக்கு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நடக்கிறது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறார்களே, அதே திட்டம்தான். அதில் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கு வர வேண்டும் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? காசு கிடையாது. எங்கள் ஊரில் குறுக்குவலிக்காரர்கள் இத்தனை பேர் இருக்கிறோம், ஒரு குறிப்பிட்ட நாளில் ஊருக்குள் வந்து எங்களைப் பார்க்க வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மனு எழுதுங்கள். வருகிறவரிடம் ‘கரண்ட் வையுங்கள்’ என்று கேட்காதீர்கள். ‘சொல்லிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால் அவர் மறுக்க மாட்டார். என்னிடம் அந்தக் காலத்தில் ஒருவராவது அப்படிக் கேட்டிருந்தால் நானும் மறுத்திருக்க மாட்டேன்.

ஊருக்குள்ளேயே வைத்தியம் நடப்பது இந்த ஊருக்குப் பழக்கமில்லாத காரியம் இல்லை. அண்டிரிக் அடிகளார் என்று நீங்கள் சொல்கிற ஹென்ரிக்கஸ் சாமியார் இங்கே இருந்த 16ஆம் நூற்றாண்டிலேயே புன்னைக்காயலில் மருத்துவமனை இருந்தது. 1586இல் அவருடைய ‘அடியார் வரலாறு’ புத்தகம் அச்சானதைப் பற்றி மேடை கிடைக்கிறபோதெல்லாம் பேசுகிறோம். அந்த மருத்துவமனையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

என் பங்குக்கு ஒன்று. மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும், பூசை முடிந்த பிறகு, மாமா வீட்டுத் திண்ணையில் இருப்பேன். காசு வேண்டாம், மீனும் வேண்டாம். அத்தை ஏற்கெனவே நிறையப் போடுகிறார். பெட்டி வைத்திருப்பவர்கள் பெட்டியோடு வாருங்கள். அக்காமார் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கண்டிப்பாக வாருங்கள், உங்களைத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஊர் மருமகன்